ரோஷ் ஹஷானா: யூதர்களோட ஆண்டுத்தலை

ரோஷ் ஹஷானான்னா யூதப் புத்தாண்டுன்னு ஒரே வரில சொல்லி முடிச்சிடுறாங்க. தப்பில்ல, ஆனா அந்தப் பேருக்குள்ள ஒரு தலை இருக்கு, அது நம்ம மொழிபெயர்ப்புல விழுந்துடுது, அந்தத் தலைய வச்சுதான் அன்னிக்கு ராத்திரி யூதக் குடும்பங்கள்ல சாப்பாட்டு மேசையே நடக்குது.

எபிரேயத்துல ரோஷ்னா தலை, ஷானான்னா வருஷம், நடுவுல வர்ற ‘ஹ’ நம்ம ‘அந்த’ மாதிரி ஒரு சின்ன ஒட்டு. ஆக, வருஷத்தோட தலை. சொந்தக்கார மொழியான அரபிலயும் புத்தாண்ட ரஃஸ் அஸ்ஸனான்னு தலைய வச்சுதான் சொல்றாங்க. தமிழுக்கும் இது புதுசில்ல, தலை தீபாவளி, தலைப்பொங்கல், தலைச்சன் பிள்ளைன்னு முதல்ல வர்றதுக்கெல்லாம் நாமளும் தலைன்னுதானே சொல்றோம்.

யூத வேதத்தோட முதல் அஞ்சு புத்தகமான தோராவுல இந்தப் பண்டிகைக்கு இந்தப் பேர் கிடையாது. லேவியராகமம் 23ல ஏழாம் மாசம் முதல் தேதி எக்காளம் முழங்குற நாள்னுதான் வருது, தமிழ்க் கிறிஸ்தவங்க எக்காளப் பண்டிகைன்னு சொல்றது அதனாலதான். எபிரேய பைபிள்ல ரோஷ் ஹஷானாங்கிற சொல் எசேக்கியேல் 40:1ல ஒரே ஒரு தடவ வருது, அங்கயும் வருஷத் தொடக்கம்ங்கிற பொதுவான அர்த்தம்தான். பண்டிகைப் பேரா அது நிலைச்சது பிற்பாடு. கி.பி. 200 வாக்குல தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னாவுல இதே பேர்ல ஒரு பகுதி இருக்கு, அதுல வருஷத்துக்கு நாலு தலை சொல்றாங்க, யூத மாசங்கள்ல நிசான் 1 ராஜாக்களுக்கும் பண்டிகைகளுக்கும், எலுல் 1 கால்நடைல தசமபாகம் குடுக்கிறதுக்கு, திஷ்ரி 1 ஆண்டுக் கணக்குக்கு, ஷெவாத் மாசத்துல மரங்களுக்கு. இதுல, நிசான்லேர்ந்து எண்ணினா ஏழாம் மாசமா வர்ற திஷ்ரியோட முதல் நாள்தான் நாம பேசுற ரோஷ் ஹஷானா, இஸ்ரேல்லயே ரெண்டு நாள் கொண்டாடுவாங்க. 2025 செப்டம்பர் 22 சாயங்காலம் யூத நாள்காட்டில 5786ஆம் வருஷம் பொறந்துச்சு.

மேசைக்கு வருவோம். ஆப்பிள தேன்ல தொட்டு சாப்பிடுறது எல்லாருக்கும் தெரியும், ஹல்லா ரொட்டியும் அன்னிக்கு உருண்டையா இருக்கும். நிறைய வீட்டுல மீன் தலை வைப்பாங்க, ‘நாங்க தலையா இருக்கணும், வாலா ஆகிடக்கூடாது’ன்னு வேண்டிக்குவாங்க, உபாகமம் 28:13ல வர்ற வாக்குறுதி அது. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு வழி வந்த குடும்பங்கள்ல இத ஒரு முழுச் சடங்காவே செய்றாங்க. பேரீச்சம்பழம், சுரைக்காய் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் அதோட பேர்லேர்ந்து கிளம்புற ஒரு வேண்டுதல் இருக்கு. ரூபியான்னு தட்டப்பயறு வைப்பாங்க, ரூபியாவோட ஒலி எபிரேயத்துல பெருகுறதுக்கான சொல்லோட ஒத்துப்போறதால எங்க நன்மைகள் பெருகட்டும்னு வேண்டிட்டு சாப்பிடுவாங்க. மிஷ்னாவ விளக்குற தால்முத் நூல் காலத்துலயே இருக்கிற வழக்கம் இது, ஒரு சொல்லையே நாக்கால ருசிக்கிற இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சின்ன வயசுல இந்த நாள்னா தேனும் ஷோஃபர் சத்தமும்தான், ஷோஃபர்ங்கிறது ஆட்டுக்கிடா கொம்பு, ஜெப ஆலயத்துல வழக்கமா நூறு தடவ ஊதுவாங்க, முதல் நாள் சனிக்கிழமையா இருந்தா மட்டும் அன்னிக்கு ஊதுறதில்ல. பெரியவங்களானா இதே நாள் கனமாயிடுது. ஏன்னா இது நியாயத்தீர்ப்பு நாளும்கூட, இதுல ஆரம்பிச்சு பத்தாம் நாள் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர். ஆனா மனுஷனுக்கு மனுஷன் செஞ்ச குத்தத்த, அந்த ஆள சமாதானப்படுத்தாத வரைக்கும் யோம் கிப்பூர் தீர்க்காதுன்னு மிஷ்னா கறாரா சொல்லுது. அதனால வேற ஊர்ல வேல பாக்குற பிள்ளைங்க லீவு போட்டு அம்மா அப்பா வீட்டுக்கு வந்து உக்கார்றது விருந்துக்கு மட்டும் இல்ல, அண்ணன் தம்பிகிட்ட வருஷம் முழுக்க பேசாம விட்டதுக்கு மன்னிப்பு கேக்கவும் அதுதான் நேரம். பெத்தவங்க போனப்புறம் அந்த மேசைய யார் வீட்டுல போடுறது, மீன் தலைய யார் முன்னாடி வைக்கிறதுங்கிறதும் இவங்க தலைல வந்து விழுது.

தமிழ்ல என்ன சொல்லலாம்? யூதப் புத்தாண்டு சட்டுனு புரியும், செய்திக்கு அது போதும். பட்டாசு, பன்னிரண்டு மணி கவுன்ட்டவுன்னு நினைச்சுடுவாங்கங்கிறதுதான் அதுல சிக்கல். எழுதுறப்போ ஆண்டுத்தலைன்னோ ஆண்டுத் தலைநாள்னோ போடலாம், என் ஓட்டு ஆண்டுத்தலைக்கு, மீன் தலை வேண்டுதல விளக்க தனியா ஒரு பத்தி எழுத வேண்டியிருக்காது. வாழ்த்து ‘ஷானா தோவா’, நல்ல வருஷம்னு அர்த்தம், கூட ‘உமெதுக்கா’ன்னு சேர்த்தா இனிப்பான வருஷமும் ஆகட்டும்னு ஆயிடும்.