ரேடார் காட்டாததைக் கண்டுபிடித்த பெண்கள்

1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களிடமிருந்து பிரிட்டனைக் காப்பாற்றியது ரேடார் என்று படித்திருப்போம். அது பாதி உண்மைதான். 'செயின் ஹோம்' என்ற அந்தக் கால ரேடாரின் திரையில் விமானம் தெரியாது. ஒரு ஒளிக்கோடும் அதில் ஆங்காங்கே சின்னப் பள்ளங்களும்தான் தெரியும். எத்தனை விமானங்கள், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்பதை அந்தப் பள்ளங்களிலிருந்து ஒரு ஆள் ஊகித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்களில் நிறையப் பேர் பெண்கள் துணை விமானப்படையைச் சேர்ந்த இளம்பெண்கள்.

கரையோரத்தில் சுமார் 110 மீட்டர் உயர இரும்புக் கோபுரங்களிலிருந்து நொடிக்கு 25 ரேடியோ துடிப்புகள் கிளம்பும். விமானத்தில் பட்ட அலையில் மிகச் சிறு பங்கு திரும்பி வரும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், 150 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நேரத்தை வைத்துத் தூரம் ஓரளவு சரியாகவே கிடைத்துவிடும்.

திசைதான் தகராறு. கைப்பிடி ஒன்றைத் திருப்பிக்கொண்டே போய், பள்ளம் எந்த இடத்தில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். இதில் சில டிகிரி பிசகுவது சகஜம். 100 கிலோமீட்டர் தொலைவில் 5 டிகிரி பிசகினால் விமானம் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டும். எண்ணிக்கை இன்னும் கடினம். பல விமானங்களின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, சில சமயம் கூடும், சில சமயம் குறையும். அதனால் பள்ளம் நடுங்கும். நடுக்கத்தின் வேகத்தையும் வடிவத்தையும் பார்த்துக் கூட்டத்தின் அளவைச் சொல்வதற்குப் பழகிய கண்தான் கருவி. போருக்கு முன்பே பாட்ஸி ஆய்வு நிலையத்தில், பிரிட்டனின் ரேடாரை உருவாக்கிய விஞ்ஞானி வாட்சன்-வாட் மூன்று பெண் தட்டச்சர்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அவர்கள் நன்றாகவே செய்தார்கள்.

சரி, திசைப் பிழையை எப்படிச் சரிசெய்தார்கள்? எல்லா நிலையங்களின் தகவலும் தொலைபேசி வழியாக, லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் இருந்த வடிகட்டும் அறைக்கு வரும். ஒவ்வொரு நிலையத்தையும் மையமாக வைத்து, அது சொன்ன தூரத்துக்கு ஒரு வட்டவில் வரைந்தால், இரண்டு வில்கள் வெட்டும் இடத்தில் விமானம் இருக்கும். திசையை நம்பாமல் தூரத்தை மட்டும் நம்பும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. மேசையைச் சுற்றி நின்ற பெண்கள், தகவல் வர வர வரைபடத்தில் வண்ண வட்டுகளை வைப்பார்கள். கடிகாரத்தின் ஐந்தைந்து நிமிடத்துக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் மாறும். வட்டின் நிறமே தகவல் எவ்வளவு பழையது என்று சொல்லிவிடும். முரண்படும் தகவல்களில் எதை ஏற்பது என்று முடிவெடுக்கும் வேலை முதலில் ஆண் அதிகாரிகளிடம் இருந்தது. பிறகு பெண்களும் அந்தப் பதவிக்கு வந்தார்கள்.

1940 ஆகஸ்ட் 18 அன்று சசெக்ஸ் கடற்கரைக்கு அருகே போலிங் ரேடார் நிலையத்தின் மீது குண்டுகள் விழுந்தபோது, அங்கே பணியில் இருந்த ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் தொலைபேசியை விடாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காக அவருக்கு மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. ஆனால் ரகசியம் காக்க, இந்தப் பெண்களின் பணி 'சிறப்புப் பணி எழுத்தர்' என்றே பதிவானது. சம்பளம் ஆண்களுடையதில் மூன்றில் இரண்டு பங்கு. வீட்டில்கூட எதையும் சொல்லக்கூடாது. இவர்கள் வரலாற்றில் காணாமல் போனதற்கு இந்தப் பதிவும் மௌனமும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

போரின் கடைசிக் கட்டத்தில் கணக்கு தலைகீழானது. ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டை வானில் தடுக்க வழியே இல்லை. பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில் ஐலீன் யங்ஹஸ்பண்ட் போன்ற பெண் அதிகாரிகள், ரேடார் பிடித்த சிறு துண்டுப் பாதையை வைத்து, சறுக்குச் சட்டம் (slide rule) என்ற கணக்குக் கருவியால் முழு வளைவையும் பின்னோக்கிக் கணக்கிட்டு, ராக்கெட் கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏவும் வண்டி நகர்ந்துவிடும் என்பதால், அதைத் தாக்க விமானங்கள் அங்கே போய்ச் சேரும் அவகாசத்தையும் விட்டு, சில நிமிடங்களுக்குள் விடை சொல்ல வேண்டியிருந்தது.