மூலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் எங்கள் பட்டறை. அப்பா காலத்தில் லாரிகளுக்குக் கேன்வாஸ் படுதா தைத்தோம். பிறகு படகுகளுக்கு மூடுதுணி, வீட்டு வாசல்களுக்கு மழைத்தடுப்பு. சில வருடங்களாக மலையேறுகிற பிள்ளைகளுக்கு எடை குறைந்த தார்ப்பாயும் தைக்கிறோம். முதலில் வந்தவர்கள் புதுச்சேரிப் பையன்கள் இரண்டு பேர். பையிலிருந்து ஹேமக்கை எடுத்துப் பட்டறைத் தூணில் கட்டிக் காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏம்பா, வளர்ந்த பிள்ளைக்கெல்லாம் தூளியா?" என்று கேட்டார். "ஆமா பாட்டி, தூளிக்கு மேல கூரைதான் வேணும். அரைக் கிலோவுக்குள்ள" என்றான் ஒருவன்.

அரைக் கிலோ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 400 கிராம் வருகிற கேன்வாஸில் அது 3.6 கிலோ. கடையில் கிடைக்கும் மெல்லிய நீல நிறப் பிளாஸ்டிக் தார்ப்பாயில்கூட அரைக் கிலோவைத் தாண்டும். பையன் காட்டிய துணியோ சிலிகான் ஏற்றிய மெல்லிய பாலியஸ்டர், சதுர மீட்டருக்கு 45 கிராம்தான். கணக்குப் போட்டால் 405 கிராம். அதில் தையல், நாடா, கயிறு எல்லாம் சேர்ந்தும் அரைக் கிலோவுக்குள் முடிக்கலாம். சரி, தைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் தார்ப்பாயை லாரி படுதா தைக்கிற பழக்கத்தில்தான் தைத்தேன். விளிம்பை மடித்தேன், மூலையில் கயிறு கோக்கப் பித்தளை வளையம், அதாவது ஐலெட் அடித்தேன், முடிந்தது. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் கட்டிப் பார்த்தோம். மாலையில் கடற்காற்று கொஞ்சம் எழும்பியது. புயலெல்லாம் இல்லை, மீனவர்கள் கவலையே படாத காற்று. கால் மணி நேரத்தில் ஒரு மூலை 'டர்' என்று போனது, அடுத்தடுத்து மற்ற மூன்றும். நடுத்துணியில் ஒரு கீறல்கூட இல்லை. நான்கு ஐலெட்டும் கயிற்றோடு ஆடிக்கொண்டிருந்தன. அந்தத் துணியை இன்றும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் பேச ஆரம்பிக்கும்போதே அதைத்தான் காட்டுவேன்.

ஏன் கிழிந்தது? கேன்வாஸ் தடிமனான துணி. ஐலெட்டைச் சுற்றியுள்ள இழைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். மெல்லிய துணியில் ஐலெட்டுக்காக ஓட்டை போடும்போதே பாரம் தாங்க வேண்டிய இழைகளை நாமே அறுத்துவிடுகிறோம். போதாததற்கு, மூலையில் இழுவிசை நேர் இழையில் விழாமல் குறுக்காக விழுகிறது. தையற்காரர்கள் 'கிராஸ்' என்போமே, அந்தத் திசையில் எந்தத் துணியும் இளகும். காற்றின் கணக்கும் உண்டு. மணிக்கு 36 கி.மீ. காற்று 9 சதுர மீட்டர் துணியில் நேராக மோதினால் ஏறக்குறைய 55 கிலோ பாரம். வேகம் இரண்டு மடங்கானால் பாரம் இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகும். அதாவது 72 கி.மீ. காற்றில் 220 கிலோ. அத்தனையும் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் மூலைகளும் நாடாக்களும்தான்.

இப்போது ஒவ்வொரு மூலைக்கும் அதே துணியில் 15 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டத் துண்டுகள் இரண்டு வைத்துத் தைக்கிறேன். சதுரமாக வெட்டிய ஒட்டு கூடாது. அதன் நேர்க்கோட்டு ஓரத்திலேயே பாரம் தேங்கி அங்கே கிழியும். வட்ட ஓரம் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும். ஐலெட்டுக்குப் பதில் நாடாவை வளையமாக மடித்து, துண்டுகளுக்குள் செருகி, நெருக்கமான குறுக்குத் தையல். "அண்ணா, ஒட்டெல்லாம் வேண்டாம், எடை கூடிடும்" என்று சொல்லாத வாடிக்கையாளரே இல்லை. தராசில் வைத்துக் காட்டுவேன். நான்கு மூலைக்கும் எட்டுத் துண்டு சேர்ந்து 7 கிராம்கூட வராது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் எடை. அதை மிச்சம் பிடிக்கிறவர்தான் பையில் அரை லிட்டர் தண்ணீர் அதிகமாகச் சுமந்து போவார்!

எடையைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. தேவைக்கு மேல் பெரிய தார்ப்பாய் ஒன்று. தடித்த நைலான் கயிறு இன்னொன்று. பக்கக் கயிறுகளுக்கு 2 மி.மீ. போதும். மூன்றாவது, இரும்பு முளைகள். எங்கள் பக்கத்து மணலில் எந்த முளையும் நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துவிடுங்கள். லேசில் வராது.

அடுத்தது துணி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி ஒரு வியாபாரி கொடுத்த சுருளை நம்பி ஐந்தாறு தார்ப்பாய் தைத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் போனதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. விரித்தால் பிசுபிசுப்பு, புளித்த நாற்றம், உட்பூச்சு செதில் செதிலாக உரிந்து கையில் ஒட்டுகிறது. அது பாலியுரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்த வகைப் பூச்சில் பல, நீரோடு வினைபுரிந்து மெல்லச் சிதைந்துவிடும். குளிர்ந்த, உலர்ந்த ஊரில் பல வருடம் தாங்குவது, நம் கரையோர வீட்டுப் பரண்மேல் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் தாங்காது. ஐந்தாறு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய. சிலிகான் ஏற்றிய துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. துணியின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பாருங்கள். இரண்டும் விலாங்கு மீன் போல வழுக்கினால் இரண்டு பக்கமும் சிலிகான். ஒரு பக்கம் மட்டும் வழுக்கி, மறுபக்கம் ரப்பர் போல உரசினால் அந்தப் பக்கம் பாலியுரித்தேனாக இருக்க வாய்ப்பு அதிகம். வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

நைலானா, பாலியஸ்டரா என்ற கேள்வியும் வரும். ஒரே தடிமனில் நைலான் வலு கூடியது, கிழிசலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நீர் குடிக்கும். சாதாரண ஈரக்காற்றிலேயே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடிக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. நைலான் நனைந்தால் நீளும். இரவு பத்து மணிக்கு மத்தளம் போல இழுத்துக் கட்டியது, நடுராத்திரி மழையில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கும். எழுந்துபோய் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். வெயிலிலும் நைலான் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, பங்குனியிலிருந்து கொளுத்தும் வெயில் என்று இருக்கிற ஊரில் என் கை பாலியஸ்டருக்குத்தான் போகும். டைனீமா என்று ஒன்றும் கேட்பார்கள். பந்தயப் படகுகளின் பாய்மரத் துணியிலிருந்து வந்தது. சதுர மீட்டருக்கு 18 கிராமில்கூடக் கிடைக்கும், நனைந்தாலும் தொய்யாது. அதைப் பெரும்பாலும் பசை நாடாவால் ஒட்டுவார்கள், தையல் குறைவு. விலையைச் சொன்னால் வந்தவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மழை தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். துணிமேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதே அந்தக் கணக்கு. தார்ப்பாய்க்கு 1,500 மி.மீ. போதும். 5,000 என்று போட்டதைத் தேடி அலைந்து எடையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

வெட்டும் கலைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விளிம்புகளை நேர்க்கோட்டில் வெட்டினால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். இழுவிசை மூலைக்கு மூலை நேராக ஓடிவிடுவதால் நடு ஓரத்துக்குப் பிடிப்பே இல்லாமல் போகிறது. உள்வாங்கிய வளைவாக வெட்டினால், மூலையை இழுக்கும்போது துணி முழுவதும் சேர்ந்து இறுகும். வளைவுக்குப் பெரிய கணக்கெல்லாம் நான் போடுவதில்லை. சுவரில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிடுவேன். நடுவில் 12 செ.மீ. தாழ்ந்ததும் அந்தக் கோட்டை ஒட்டுப்பலகையில் வரைந்து அறுத்துவிட்டால் ஆயுசுக்கும் அச்சு தயார். நான்கு ஓரத்திலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணி கழியும். எடை 40 கிராமுக்கு மேல் குறையும், படபடப்பும் போகும். நிழல் கொஞ்சம் குறையும், அதை மறைக்க மாட்டேன். மேலே இரண்டு பாதித் துணியும் சேர்கிற நடுவரைத் தையலிலும் 3, 4 செ.மீ. வளைவு கொடுத்தால் கூரையில் சுருக்கம் விழாது.

தையலுக்கு 11ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். அதிகத் துளை விழுந்து, தபால்தலைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி குத்தக் கூடாது, கிளிப் போட்டுப் பிடியுங்கள். நடுவரையில் இரண்டு துணியின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரட்டைத் தையல் ஓட வேண்டும். ஜீன்ஸ் பேண்டின் காலில் ஓடுமே, அதே தையல்தான். பிறகு ஊசித் துளைகளை அடைக்க வேண்டும். சிலிகான் துணியில் சிலிகானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. மீன்தொட்டிக் கண்ணாடி ஒட்டும் சிலிகான் ஒரு பங்கு, மினரல் டர்பன்டைன் மூன்று பங்கு. நன்றாகக் கலக்கிக் காற்றோட்டமான இடத்தில் பிரஷ்ஷால் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். தடவாமல் கொண்டுபோனவர் மூக்கு நுனியில் சொட்டு விழுந்து எழுந்த கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

ஹேமக்குக்கு மேல் கட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. 3.3 மீட்டர் ஹேமக்கைக் கட்டினால் முனைக்கு முனை 2.75 மீட்டர் அளவில் நிற்கும். அதன் மேல் 3.3 மீட்டர் தார்ப்பாய் போட்டால் இரு புறமும் கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் குறைந்தால் சாரல் தலைமாட்டில் அடிக்கும். மழைநீர் மரத்திலிருந்து, ஹேமக்கைக் கட்டிய நாடாப் பட்டை வழியாக ஓடிவந்து ஹேமக்குக்குள்ளேயே இறங்கும். பட்டையில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஹேமக்கை விறைப்பாகக் கட்டுவதும் தவறு. கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் கட்டினால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கத்துப் பட்டையும் 70 கிலோ தாங்கும். 10 டிகிரிக்கு இறுக்கினால் அதுவே 200 கிலோவாகிவிடும். மரத்தில் சுற்றுகிற பட்டை ஓரங்குல அகலமாவது இருக்கட்டும், மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். தென்னந்தோப்பில் கட்டவே கட்டாதீர்கள். காய் விழுவது நமக்குத் தெரியும், வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது. முந்திரித் தோப்பு நிழல் அருமைதான், ஆனால் தோட்டக்காரரைக் கேட்காமல் நுழையாதீர்கள்.

ஆற்றங்கரையும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அதற்குப் பிறகுதான், மழை விட்ட நேரத்தில், சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்ப் பக்கம் புகுந்தது. தலைக்கு மேல் மேகம் இல்லை என்பதால் ஆற்றில் தண்ணீர் வராது என்று நினைக்காதீர்கள். காட்டுக்குள் தங்குவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018இல் மலையேறப் போனவர்கள் பலியான குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பு, கொசுவர்த்தி இரண்டுமே கூடாது. ஒரு பொறி போதும், துணி உருகி ஓட்டை விழுந்துவிடும்.

வீடு திரும்பியதும் சாதாரணத் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் உலர்த்துங்கள். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடிக்காமல், பைக்குள் அப்படியே திணித்து வையுங்கள். மெஷினில் துவைக்காதீர்கள். அந்தப் புதுச்சேரிப் பையன்களின் இரண்டாவது தார்ப்பாய் போன மாதம் பட்டறைக்கு வந்தது. மூலைகள் நான்கும் அப்படியே இருக்கின்றன. எலி கடித்திருந்தது, உள்ளே மறந்து வைத்த கடலைமிட்டாய்க்காக.