கார் பார்க்கப் போன இடத்தில் உங்கள் சிபிலை எத்தனை பேர் பார்த்தார்கள்?

நல்ல வீட்டுக் கடன் கோப்பு ஒன்று இந்த வாரம் வங்கியில் நின்றுபோனது. சம்பளம் சரி, சொத்துப் பத்திரம் சரி, ஸ்கோர் 770. கோப்பை நிறுத்தியது சிபில் அறிக்கையின், அதாவது நம் கடன் வரலாற்றைச் சொல்லும் அறிக்கையின், கடைசியில் வரும் என்கொயரி பகுதி. அதை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல் அது. எட்டு நாளுக்குள் ஆறு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர், தேதி, தொகை. நோக்கம் என்ற இடத்தில் ஐந்தில் 'ஆட்டோ லோன்', ஒன்றில் 'பெர்சனல் லோன்'. கோப்புக்கு உரியவர் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் திருவண்ணாமலைக்காரர். அவர் இதுவரை கார் வாங்கவே இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஓசூர் ரோட்டில் ஒரு ஷோரூமுக்கு மனைவியோடு போய் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான்.

"நான் யாருக்கும் பர்மிஷன் கொடுக்கலையே சார்" என்றார். கொடுத்திருந்தார். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை.

பெங்களூரில் ஒரு வங்கியின் ரீடெய்ல் கிரெடிட் பிரிவில் பல வருடம் கோப்புகள் பார்த்துவிட்டு, இப்போது அல்சூரில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபின் ஷோரூம்களில் கூட்டம் ஏறியது. அதோடு இந்த மாதிரி அறிக்கைகளும் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

ஷோரூமில் என்ன நடந்தது என்று அவரை உட்காரவைத்துக் கேட்டேன். டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் "ஃபைனான்ஸ் டெஸ்க்ல ஒரு நிமிஷம் உட்காருங்க, எலிஜிபிலிட்டி மட்டும் பார்த்துடலாம்" என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் கிருஷ்ணகிரிக்காரர், தமிழில் பேசினார். நம்ம ஊர்க்காரர் என்றதும் இவருக்கு மனசு இளகிவிட்டது. பான் கார்டைப் போனில் படம் பிடித்தார்கள். ஒரு படிவத்தில் நான்கு இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு நீட்டினார்கள். இவர் அந்த இடங்களில் மட்டும் கையெழுத்துப் போட்டார். மேலே வங்கியின் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அப்புறம் அடுத்தடுத்து ஓடிபிகள் வந்தன. "அது வெரிஃபிகேஷன் சார், சொல்லுங்க" என்றதும் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இப்படி விண்ணப்பத்தை வங்கியில் ஏற்றுவதை எங்கள் தொழிலில் லாகின் போடுவது என்போம். ஏஜெண்ட் ஒரே கோப்பை நான்கைந்து இடத்தில் லாகின் போடுவார். எங்கே சீக்கிரம் சாங்ஷன் ஆகிறதோ, எங்கே பே-அவுட் (ஏஜெண்டுக்குக் கிடைக்கும் கமிஷன்) அதிகமோ, அந்த இடத்துக்குத் தள்ளிவிடுவார். எல்லோரும் அப்படி இல்லை. உங்களிடம் கேட்டுவிட்டு ஒரே வங்கியில் மட்டும் போடும் நேர்மையான டிஎஸ்ஏக்களை (வங்கிகளுக்குக் கடன் பிடித்துத் தரும் ஏஜெண்டுகளை) எனக்குத் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது உங்கள் அறிக்கையில் எத்தனை வரி விழும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் காட்டச் சொல்லிக் கொடுத்த ஜாதகத்தைத் தரகர் ஊரெல்லாம் சுற்றவிட்ட கதைதான் இது.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. இவரிடம் "கடைசியாக உங்கள் சிபிலை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "பார்த்தா ஸ்கோர் குறையும்னு சொன்னாங்க சார், அதனால பார்க்கிறதே இல்லை" என்றார். படித்தவர்கள், ஐடியில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், ஏன், வங்கியிலேயே வேலை பார்ப்பவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். தயவுசெய்து இதை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. ஒரு புள்ளிகூடக் குறையாது. தினமும் பார்த்தாலும் குறையாது. நீங்கள் பார்ப்பது சாஃப்ட் என்கொயரி. கடன் கொடுக்கும் யாருக்கும் அது தெரியாது, ஸ்கோர் கணக்கிலும் சேராது. கடன் விண்ணப்பத்துக்காக ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்தால்தான் அது ஹார்ட் என்கொயரி. வரியாகப் பதிவாவதும் அது, ஸ்கோரைத் தொடுவதும் அது. ஆக, எந்தக் கதவு பாதுகாப்பானதோ அதை நீங்களே பயந்து பூட்டிவைத்திருக்கிறீர்கள். எது சேதம் செய்யுமோ அதற்கு முகம் தெரியாத ஒருவரிடம் ஓடிபி சொல்கிறீர்கள். சொந்த அறிக்கையைப் பார்க்காததால் யார் பார்த்தார்கள் என்பதும் தெரியாமல் போகிறது. வீட்டுக் கடன் நிற்கும்போதுதான் தெரிகிறது.

"லோனே எடுக்கலை, சும்மா பார்த்ததுக்கு என்ன ஆகிடப் போகுது?" என்பது அடுத்த கேள்வி. ஸ்கோர் சில புள்ளிகள்தான் குறையும், போகப் போகச் சரியாகிவிடும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். என் கவலை அந்த வரிகளைப் படிக்கும் கிரெடிட் அதிகாரியைப் பற்றியது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஆறு என்கொயரியைப் பார்த்ததும் அதிகாரிக்கு இரண்டு சந்தேகம் வரும். இவருக்குப் பணமுடை, ஆறு இடத்திலும் மறுக்கப்பட்டு நம்மிடம் வந்திருக்கிறாரா என்பது ஒன்று. இதில் ஏதாவது ஒன்று கடனாகவே ஆகி, இன்னும் அறிக்கையில் ஏறாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது சந்தேகம் நியாயமானது. 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை வங்கிகள் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. ஆனாலும் நேற்று கொடுத்த கார் கடன் இன்று எடுக்கும் அறிக்கையில் தெரியாது. அப்படி ஒரு இஎம்ஐ மறைந்திருந்தால் உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு வீட்டுக் கடன் தரலாம் என்ற கணக்கே தப்பாகிவிடும். அதனால் விளக்கக் கடிதம் கேட்பார்கள், கடன் எதுவும் எடுக்கவில்லை என்று எழுதி வாங்குவார்கள், ஒரு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அதற்குள் வீட்டை விற்பவர் அட்வான்ஸை வைத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடத் தொடங்கியிருப்பார்.

ஒரே காருக்காக எத்தனை பேர் பார்த்தாலும் ஒன்றாகத்தான் கணக்கு வரும் என்று யூடியூபில் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது அமெரிக்க ஸ்கோர் முறையில் இருக்கும் சலுகை. அதை நம்பி இங்கே நாலு இடத்தில் ஓடிபி கொடுக்காதீர்கள். நம் அறிக்கையில் வரிகள் தனித்தனியாகத்தான் நிற்கும், அதிகாரியும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்.

பான் எண்ணைக் கொடுத்ததுதான் தப்போ என்றும் கேட்கிறார்கள். கார் வாங்கும்போது ஷோரூமில் பான் கேட்பது வருமான வரி விதிகளுக்காக. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அது உங்கள் பான் கணக்கில்தான் ஏறும். முழுப் பணமும் கட்டி வாங்குபவரும் பான் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பில் போடக் கொடுத்த பான் கடன் விண்ணப்பம் ஆகாது. கடன் வேண்டாம் என்றவரின் சிபிலைப் பார்க்க ஷோரூமுக்கு ஒரு காரணமும் இல்லை. வண்டி இன்னும் புக்கே செய்யவில்லை, டெஸ்ட் டிரைவ்தான் என்றால் பான் எதற்கு? டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் போதும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ல் வந்தது. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கடன் தகவலை எடுத்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. ஆனால் நடைமுறையில் உங்கள் புகார் எங்கே அடிபடுகிறது என்றால், நீங்களே போட்ட கையெழுத்தில். 'தகுந்த எந்த வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் என் விவரங்களை அனுப்பலாம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து என்னிடம் அனுமதி கொடுக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது? அந்த வரியைப் பேனாவால் அடியுங்கள். வங்கியின் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். காலிக் கட்டத்தோடு எந்தப் படிவத்திலும் கையெழுத்து வேண்டாம். கோபித்துக்கொண்டு கார் விற்காமல் இருக்கப் போவதில்லை.

பான், ஆதார் நகலின் மேல் குறுக்காக 'இன்ன வங்கியின் கார் கடனுக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் எழுதிய நகலைத்தான் அனுப்ப வேண்டும். ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு எஸ்எம்எஸ்ஸையும் படியுங்கள். யாருக்காக, எதற்காக என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நீங்கள் சொல்லாத பெயர் இருந்தால் எண்ணைச் சொல்லாதீர்கள். பழைய கார் சந்தையில் 'எலிஜிபிலிட்டி லிங்க்' என்று வாட்ஸ்ஆப்பில் வருவதும் இதே வேலைதான்.

வட்டியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்றால், தாராளமாகப் பாருங்கள். அதற்கு யாரும் உங்கள் சிபிலை எடுக்கத் தேவையில்லை. உங்கள் ஸ்கோரை நீங்களே எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் போன் திரையில் காட்டி, "இந்த ஸ்கோருக்கு, இந்தச் சம்பளத்துக்கு என்ன வட்டி?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்த எந்த டிஎஸ்ஏவும் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார். முழு அறிக்கையை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், உங்கள் எல்லாக் கடன் விவரமும் முகவரியும் அதில் இருக்கிறது. முதலில் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனால் இன்னும் நல்லது. அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், கார் பேச்சையே அதற்குப் பின்னால் தள்ளிவையுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். ஊரில் இருக்கும் அப்பாவைக் கோ-அப்ளிகண்டாக (இணை விண்ணப்பதாரராக) சேர்க்கிறோம் என்று போனில் அவரிடம் ஓடிபி கேட்காதீர்கள். மகள் கேட்கிறாள் என்று அவர் எதுவும் கேட்காமல் சொல்லிவிடுவார். அப்படி ஒரு அப்பாவின் அறிக்கையில் விழுந்த வரிகளால், தம்பியின் கல்விக் கடன் கல்லூரி சேரும் நேரத்தில் இழுத்தடித்தது. அவருக்கு அது ஏன் என்றே கடைசிவரை தெரியாது.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? முதலில் அறிக்கையை எடுங்கள். ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். கட்டணத் திட்டத்தை முன்னால் நீட்டுவார்கள், இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி எடுங்கள். ஒன்றில் இல்லாத என்கொயரி இன்னொன்றில் இருக்கும், அதனால் நான்கையும் பாருங்கள். வங்கி உங்கள் அறிக்கையை எடுக்கும்போது உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனால் பெங்களூர் வந்து சிம் மாற்றியவர்களுக்கு அது பழைய தமிழ்நாட்டு எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கிகளில் எண்ணைப் புதுப்பியுங்கள்.

தெரியாத வரி இருந்தால் அந்த வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, நான் கொடுத்த சம்மதத்தின் நகலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் டிஸ்ப்யூட் (இந்த வரி தவறு என்ற புகார்) போடுங்கள், கட்டணம் கிடையாது. வங்கி ஒத்துக்கொண்டால்தான் அந்த வரி போகும். சிபிலை சுத்தம் செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களால் உங்களைவிட அதிகமாக எதுவும் செய்ய முடியாது, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், தாமதத்துக்குக் காரணமான வங்கியோ கடன் தகவல் நிறுவனமோ உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடமும் (குறைதீர்ப்பாளரிடமும்) அப்போது போகலாம், 14448-ல் அழைத்தால் வழி சொல்வார்கள். என்கொயரியோடு நிற்காமல் உங்கள் பெயரில் கடனே எடுத்திருந்தால் அது மோசடி, உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அந்த 30 நாள் கணக்கு புகார் பதிவான தேதியிலிருந்துதான் ஓடும், அதனால் புகார் எண்ணையும் தேதியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.