நடிப்பென்று தெரிந்தும் கை ஏன் வியர்க்கிறது?

“நிலச்சரிவில் இருநூறு பேர் பலி என்ற செய்தியைக் காபி குடித்துக்கொண்டே படித்து முடிக்கிறார் என் கணவர். அன்று இரவே சினிமாவில் ஒரு பாட்டி செத்ததற்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இவருக்கு என்ன கோளாறு?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கோளாறு ஒன்றுமில்லை. மனித உடம்பின் சுபாவமே அதுதான்.

ஆபத்தைக் கண்டால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். கை வியர்ப்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உள்ளங்கையிலும் விரல்களிலும் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மனப் பதற்றத்துக்குத்தான் சட்டென்று வேலை செய்யும். அவை பரிவு நரம்புகளின், அதாவது ஆபத்தில் உடம்பைத் தானாக உசுப்பிவிடும் நரம்புகளின், கட்டுப்பாட்டில் இருப்பவை. நாம் சொல்லிக் கேட்காது. வியர்வையில் உப்பு இருப்பதால் மின்சாரம் எளிதாகப் பாயும். இரண்டு விரல்களில் மின்முனைகளை மாட்டி, நமக்கு உறைக்காத அளவு மின்சாரம் செலுத்தினால் போதும், பதற்றம் கூடுவதும் குறைவதும் கோடாக வந்துவிடும். வாய் ‘எனக்கொன்றும் இல்லையே’ என்றாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பதற்றத்துக்குக் காரணம் என்ன என்று விரல் சொல்லாது. மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இதே வியர்வையையும் அளந்துதான் பொய் கண்டறியும் கருவி ‘தீர்ப்பு’ சொல்கிறது. பயந்தவன் எல்லாம் பொய்யன் என்று நம்புவதற்கும் பல்லி விழும் பலன் பார்ப்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர், இப்படி மின்முனைகளை மாட்டிவிட்டு, மரவேலைப் பட்டறைத் தொழிலாளர்களுக்காக எடுத்த ஒரு பாதுகாப்புப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவருக்கு விரல் துண்டாகும். வட்ட ரம்பம் தூக்கியடித்த பலகை பாய்ந்து இன்னொருவர் செத்துப்போவார். பார்வையாளர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், “இவர்கள் நடிகர்கள், ரத்தமும் நிஜமில்லை” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1968இல் வெளியான அடுத்த சோதனை. அதே படத்தை இரண்டு விதமாக வெட்டினார்கள். ஒன்றில் விபத்து திடீரென்று நடந்துவிடும். இன்னொன்றில் ரம்பம் சுற்றுவதையும் கை அதை நெருங்குவதையும் நிதானமாகக் காட்டி, அப்புறம்தான் விபத்து. அதே விபத்து, அதே ரத்தம். ஆனாலும் காத்திருந்து பார்த்தவர்களுக்கே பதற்றம் அதிகம். அதிலும் பெரும்பகுதி விபத்துக்கு முன்பே ஏறிவிட்டது! நடந்து முடிந்ததைவிட நடக்கப்போவதற்குத்தான் உடம்பு அதிகம் துடிக்கிறது.

இப்போது செய்தியைப் பாருங்கள். ‘பலி’ என்று முடிவிலேயே ஆரம்பிக்கிறது. பதறுவதற்கு நேரமே தருவதில்லை. சினிமாப் பாட்டியோ இடைவேளைக்கு முன்பே இரும ஆரம்பித்துவிடுகிறாள்.

படம் காட்டி விரலில் ஒயர் மாட்டுவதெல்லாம் ஆராய்ச்சியா, இதற்கு நிதி வேறா என்று கேட்பவர்கள் உண்டு. புயல் எச்சரிக்கையை எப்படிச் சொன்னால் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்பதும் இந்தத் துறையின் கேள்விதான். தாராளமாகக் கொடுக்கலாம்.

செய்தி நம்மை அசைக்காததற்கு இன்னொரு காரணம், எண்ணிக்கை. உளவியலாளர் பால் ஸ்லோவிக் உள்ளிட்ட மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் கையில் ஐந்து டாலர் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் தந்தது 1.14. சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43தான் வந்தது.