பிராக்கிஷ்: நல்ல தமிழில் உவர்நீர்

மீன்தொட்டி வளர்ப்போர் 'பிராக்கிஷ்' என்று சொல்வது நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள நீரை. கழிமுகத்திலும் காயலிலும் அலையாத்திக் காட்டிலும் இருப்பது இந்த நீர்தான். ஒரு கிலோ நீரில் அரை கிராம் முதல் 30 கிராம் வரை உப்பு இருந்தால் அது பிராக்கிஷ். கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கும்.

மூலச்சொல் டச்சு மொழியின் 'பிராக்'. உப்புக்கரிக்கும் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், 'இஷ்' என்ற ஒட்டைச் சேர்த்துக்கொண்டது.

தமிழில் இதை 'உப்புநீர்' என்று எழுதினால் கடல்நீரோடு குழம்பும். 'கலப்புநீர்' என்பதில் எதை எதோடு கலந்தது என்றே தெரியாது. 'உவர்நீர்' என்பதே பொருத்தம். உவர் என்பது உப்புச்சுவையையும் உப்புப் பூத்த மண்ணையும் குறிக்கும். உவரி என்றால் கடல் ஆயிற்றே, உவர்நீரும் கடல்நீர்தானே என்று கேட்கலாம். பழைய வழக்கில் அப்படியும் கொள்ள இடமுண்டு. ஆனால் மீன்வளத் துறையில் நன்னீர், உவர்நீர், கடல்நீர் என்ற முப்பிரிவு நிலைத்துவிட்டது. பேச்சில் வரும் 'சவர்த்தண்ணீர்' பெரும்பாலும் கிணற்றுநீரைச் சுட்டும். அதில் கரைந்துள்ள உப்புகளின் விகிதம் கடலில் உள்ளதுபோல் இருக்காது. கரிக்கிறதே என்று அதைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது.

ஆற்றையும் கடலையும் ஒரே தொட்டியில் சேர்க்க நினைப்பவர்கள் தங்கமீனையும் கோமாளிமீனையும் ஒன்றாக விடலாமா என்று கேட்பதுண்டு. முடியாது. நன்னீர் மீனின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் தானாக உள்ளே புகும். அதை நீர்த்த சிறுநீராக ஓயாமல் வெளியேற்றும். கடல் மீனுக்கு நேர்மாறு. உடல்நீரை இழந்துகொண்டே இருப்பதால் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே தள்ளும். நடுவாக ஓர் உப்பளவை வைத்தாலும் நாளடைவில் இரண்டுக்கும் கேடுதான். இரண்டு பக்கமும் தாங்கும் மீன்களே உவர்நீர்த் தொட்டிக்கு உரியவை: மோலி, எட்டு வடிவப் பேத்தை, பச்சைப்புள்ளிப் பேத்தை, வில்லாளி மீன், சேற்றில் தாவும் உளுவை. எட்டு வடிவப் பேத்தைக்கு ஒப்படர்த்தி (தூய நீரை 1 என்று வைத்தால் இந்த நீர் எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 1.005 அளவில் போதும். பச்சைப்புள்ளிப் பேத்தை வளர வளர உப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கார அளவை (pH) 7.5க்கு மேல் நிறுத்தும் கார்பனேட்டும், கால்சியமும் மக்னீசியமும் கடல்தொட்டிகளுக்கான உப்புக்கலவையில்தான் உண்டு. 1.005 எட்ட, 100 லிட்டருக்கு 700 முதல் 800 கிராம் போதும். மணலும் கல்லும் அடைத்த இடத்தைக் கழித்துவிட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறதோ அதற்குக் கணக்கிடுங்கள். தனி வாளியில் கரைத்து, காற்றுக்குமிழி விட்டு, சில மணி நேரம் கழித்து ஊற்றுவதே முறை. மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேரே கொட்டினால் கரையாத துகள்கள் தோலையும் செவுளையும் அரிக்கும். நன்னீரில் வாங்கிய மீன் என்றால் ஒப்படர்த்தியை வாரத்துக்கு 0.002க்கு மேல் ஏற்ற வேண்டாம். மீன் தாங்கினாலும் மீன்கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும், வடிகட்டியில் உள்ள நைட்ரஜன் பாக்டீரியா திணறும், அம்மோனியா ஏறும். காரம் கூடிய நீரில் அதே அம்மோனியா இன்னும் கொடியது.

அடிக்கடி நடக்கும் பிழை நீர் குறைந்ததும் உப்புநீர் ஊற்றுவது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். 5 லிட்டர் ஆவியான இடத்தில் உப்புநீரை நிரப்பினால் ஒவ்வொரு முறையும் சுமார் 37 கிராம் உப்பு கூடும். ஆவியானதற்கு நன்னீர், வாராவாரம் மாற்றும் நீருக்கு மட்டுமே உப்பு. ஒப்படர்த்தியை அளக்கும் கருவியான ஹைட்ரோமீட்டரில், முள் ஆடும் வகையானால், முள்ளில் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். தட்டி உதிர்த்துவிட்டுப் படியுங்கள்.

கனமான உப்புநீரை அடியிலும் நன்னீரை மேலேயும் அடுக்கிவைக்கும் யோசனையும் சிலருக்கு வரும். பம்ப் ஓடினால் இரண்டும் கலந்துவிடும்; ஓடாவிட்டால் அடியில் ஆக்சிஜன் தீரும்.

இரண்டு உலகையும் தனித்தனியே காட்டியே ஆக வேண்டுமென்றால், கண்ணாடித் தடுப்பு ஒட்டி, இரு பக்கத்துக்கும் தனி வடிகட்டி, தனி வலை வையுங்கள். இருபுறமும் ஒரே மட்டத்தில் நீர் இருக்கையில் தடுப்பு தாங்க வேண்டிய பளு ஏறத்தாழ இல்லை. ஒரு பக்கத்தைக் காலி செய்யும்போதுதான் சோதனை: 40 செ.மீ. அகலத் தடுப்பில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால், ஏறத்தாழ 32 கிலோ எடைக்கு ஈடான விசை ஒரே பக்கமாகத் தள்ளும். மெல்லிய கண்ணாடி வளைந்து சிலிகோன் ஒட்டு பிரியும். அதனால் ஒரு பக்கத்தை முழுதாக வடிக்காமல், இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அதே முறையில் நிரப்ப வேண்டும்.