எத்தனை வாட் என்று கேட்டு ஸ்பாட்லைட் வாங்காதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் புதிதாகக் குடியேறிய ஒரு வீட்டுக்குப் போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். ஹால் 16-க்கு 14. ஃபால்ஸ் சீலிங்கில் 24 ஸ்பாட்லைட். எல்லாமே 12 வாட், எல்லாமே பளீர் வெள்ளை. கீழே முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். மேலே 24 எரிந்தால் தரையிலும் 24 எரிகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்த பாட்டி, ஹாலில் உட்கார மாட்டேன் என்று அறைக்குள்ளேயே இருக்கிறார். இப்போது அத்தனையையும் அணைத்துவிட்டு, சுவரில் ஒரு டியூப்லைட்டை மாட்டிக்கொண்டு அதில்தான் குடும்பமே சாப்பிடுகிறது. பர்கூர், பாலக்கோடு, ஓசூர் என்று எங்கே போனாலும் இதையே பார்க்கிறேன். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

கடையில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை வாட்?" வாட் என்பது விளக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்கிற கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமென். அதிகம் பெட்ரோல் குடிக்கிற பைக்தான் நல்ல பைக் என்று யாராவது வாங்குவோமா? விளக்கில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். குண்டு பல்பு காலத்தில் இந்தக் கேள்வி சரி. எல்லா பல்பும் ஒரே மாதிரி வேலை செய்தன, 60 வாட்டை விட 100 வாட் பிரகாசம். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தந்தது. எல்.இ.டி.யில் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. வாட்டுக்கு 100 லூமென் தருகிற நல்ல 7 வாட் விளக்கும், 60 லூமென் மட்டுமே தருகிற மட்டமான 12 வாட் விளக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம்தான். 12 வாட்டில் மீதிக் கரண்ட் சூடாகப் போகிறது, அவ்வளவுதான். ஆகவே அட்டையைத் திருப்பி லூமென் எவ்வளவு என்று பாருங்கள். போடவில்லை என்றால் அந்த விளக்கே வேண்டாம்.

அந்த ஹாலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 224 சதுர அடி என்றால் சுமார் 21 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, டிவி பார்க்க 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழுகிற லூமென்) தாராளம். சுவரும் கூரையும் விழுங்குவதையும் சேர்த்தால் மொத்தம் 5,000 லூமென் போதும். அங்கே இருந்தது, ஒன்றுக்கு 900 என்று வைத்தாலே 21,600. பிறகு கண் கூசாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, "வெள்ளையா இருந்தாத்தான் வெளிச்சம் வரும்ணா" என்பது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறக் கணக்கு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெள்ளைக்கும் 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டுக்கும் லூமெனில் வித்தியாசம் சொற்பம். கண்ணுக்குத்தான் வெள்ளை தூக்கலாகத் தெரிகிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பூஜை அறைக்கும் 3000 போடுங்கள். சமையலறைக்கும் படிக்கிற மேசைக்கும் 4000. மழைக்காலத்தில் சிட்-அவுட்டில் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டு ஈசல் மொய்க்கிறது என்று புலம்பாதீர்கள். அங்கே வார்ம் போட்டால் பூச்சி நிச்சயம் குறையும். சுவிட்சை அணைத்துப் போட்டால் மூன்று கலர் மாறுகிற விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பத்து விளக்கை ஒரே சுவிட்சில் போட்டால், சில மாதத்தில் இரண்டு மஞ்சளிலும் மற்றவை வெள்ளையிலும் நிற்கும். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் எனக்குப் பாதி போன் வருகிறது.

ஸ்பாட்லைட் அறை முழுவதற்கும் வெளிச்சம் கொடுக்கிற சாமான் இல்லை. ஒரு பொருளைக் காட்டுவதற்கானது. எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சீலிங்கில் ஓட்டை போட வேண்டும். இதற்குத்தான் பீம் ஆங்கிள், அதாவது ஒளி விரிகிற கோணம். 9 அடி உயரத்திலிருந்து 24 டிகிரி விளக்கு தரையில் 4 அடிக்குச் சற்றுக் குறைவான வட்டம் போடும். 36 டிகிரி ஏறக்குறைய 6 அடி. 60 டிகிரி 10 அடிக்கு மேல். பூஜை அறைப் படத்துக்கு 24 போதும். நடைபாதைக்கு 60 வேண்டும். சுவரில் மாட்டிய படத்துக்கு விளக்கைச் சுவரிலிருந்து இரண்டேகால் அடி தள்ளி வைத்துச் சாய்த்து அடியுங்கள், கண்ணாடியில் விளக்கு தெரியாது. சமையலறையில் நடு சீலிங்கில் வரிசையாக வைக்கிறார்கள். நாம் நிற்கும்போது நம் தலை நிழலே வெட்டுப்பலகை மேல் விழுகிறது. மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பாலிஷ் கிரானைட் தரை என்றால், உள்ளே ஆழமாக அமர்ந்து எல்.இ.டி. வெளியே தெரியாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு அசலாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் சி.ஆர்.ஐ. அது 90-க்குக் குறையாமல் கேளுங்கள், குறிப்பாகச் சமையலறைக்கும் துணி அலமாரிக்கும். 70-க்குக் கீழே போன விளக்கில் குங்குமம் பழுப்பாகத் தெரியும். கொத்தமல்லி வாடியது மாதிரி இருக்கும். பட்டுப்புடவைக்கு ரவிக்கை மேட்ச் செய்தால் வெயிலில் போனதும் வேறு நிறம்.

விளக்கு போய்விட்டது என்று கழற்றினால் பெரும்பாலும் எல்.இ.டி. நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிரைவர் என்கிற சின்னப் பெட்டிதான் போயிருக்கும். நம் பக்கம் பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது, ஏப்ரல், மே மாங்காய் சீசனில் இடி மின்னல் வேறு. 100 முதல் 300 வோல்ட் வரை தாங்குவதாகவும் 2.5 கிலோவோல்ட் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) தாங்குவதாகவும் எழுதியிருக்கிற டிரைவராக வாங்குங்கள். அதன் மேல் ஐ.எஸ். 15885 என்ற தரக்குறியீடும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று காட்டிவிடும். கடையிலேயே நின்று பாருங்கள், கூச்சப்படாதீர்கள். டிரைவர் மாற்றும்போது அதன் மேல் போட்டிருக்கிற மில்லிஆம்பியர் (அது தருகிற கரண்டின் அளவு) பழையதன் அதே எண்ணாக இருக்கட்டும். 300-க்குப் பதில் 600 போட்டால் எல்.இ.டி. சீக்கிரமே கருகிவிடும். டிரைவருக்குக் கரண்ட் இருக்கும்போது எல்.இ.டி. ஒயரைச் சொருகாதீர்கள். மெயின் போர்டில் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் தொடுங்கள், தயவுசெய்து.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டிரைவரின் மீது தெர்மாகோலோ கிளாஸ்வுல்லோ போட்டு மூடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் டிரைவர் உள்ளேயே வேகும். ஒயரை பைப்புக்குள் ஓட்டுங்கள், எலி கடிக்கும். குளியலறைக்கு, தண்ணீர் தெறித்தாலும் தாங்குகிற ஐ.பி. 44 விளக்கு. ஒயர் முடிச்சில் டேப் சுற்றிவிட்டுப் போகிற ஒயர்மேனிடம் கனெக்டர் போடச் சொல்லி நின்று வாங்குங்கள்.

கடைசியாக, 20 விளக்கையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவையுங்கள். அவர்கள் கண் கூசவில்லை என்றால் மீதியை அதே மாடல், அதே பேட்ச்சில் எடுங்கள். கூட இரண்டு சேர்த்து வாங்கி பில்லோடு அலமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று போனால் அதே நிறம் கடையில் கிடைக்காது.