பதினோரு மணிக்கு ஒரு டீ, ஒரு பப்ஸ்

"நேத்து எழுந்ததுலேர்ந்து வாயில போட்டதையெல்லாம் வரிசையா சொல்லும்மா." டயட்டீஷியனாக நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு. லேபில் மயங்கி விழுந்த பெண். ஹீமோகுளோபின் 8.4, குறைந்தது 12 இருக்க வேண்டும்.

"டிபன் சாப்பிடல மேம், லேட் ஆயிடுச்சு. பதினோரு மணிக்கு ஒரு டீ, பப்ஸ். மத்தியானம் சாம்பார் சாதம் கொஞ்சம், கூடவே டீ. ராத்திரி ரூம்லயே கெட்டில்ல நூடுல்ஸ்."

"வீட்டுல ஒரு நாளும் வெறும் வயித்தோட போனதில்ல மேடம்" என்றார் அம்மா. உண்மைதான். தலை பின்னும்போதே இரண்டு தோசையை ஊட்டி அனுப்பியிருப்பார். ஹாஸ்டலில் நாற்பது பேருக்கு நாலு பாத்ரூம். வரிசையில் நின்று குளித்து வருவதற்குள் மெஸ்ஸை மூடிவிடுகிறார்கள்.

எல்லோரும் பரோட்டாவையும் நூடுல்ஸையும் திட்டுகிறோம். எனக்கென்னவோ, விட்டுப்போன காலை டிபனும் சாப்பாட்டோடு குடிக்கிற டீயும்தான் பெரிய வில்லன்கள். பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. தட்டில் இருக்கிற கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுப்பது டீ. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை.

அரசுப் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்களே என்றேன். "பாதி நாள் ஜன்னல் வழியா போட்டுருவோம் மேம்" என்று சிரித்தாள். பிளஸ் டூவோடு அதுவும் நின்றுபோனது.

மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா, வயிற்றில் பூச்சியா என்று பார்த்துவிட்டு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதே என்று நான் சொல்லி அனுப்பினேன். இதைச் சொல்லாததாலேயே பாதியில் விட்டவர்கள் நிறைய. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி. இரும்புச்சத்து உடம்பில் சேர, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. பப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை. நூடுல்ஸ் வேகிற கெட்டிலில் முட்டையும் வேகும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்.

ஆறு வாரம் கழித்து வந்தாள். ஹீமோகுளோபின் 10.6.

"இப்பல்லாம் ராத்திரியே குளிச்சிடறேன் மேம். காலையில மெஸ்ல முதல் ஆளு நான்தான்."

"டீ?"

"நாலு மணிக்கு ஒண்ணே ஒண்ணு."